வெர்னாவின் சிவப்பு ரப்பர் பேண்ட்

கான்சாஸ் கோதுமை வயல்களில் ராக்கெட் விடுகிற எங்கள் கூட்டத்தில் வெர்னா ஷ்ராகின் வாய்க்குப் பயப்படாதவர் யாரும் கிடையாது. டிராக்டருக்கும் பள்ளிப் பேருந்துக்கும் இருக்கை உறை தைப்பது அவள் பிழைப்பு. மிச்ச நேரத்தில் எங்களுக்கெல்லாம் பாராசூட் தைத்துக் கொடுப்பாள். ஆள் உயர ராக்கெட்டைச் செய்து மேலே அனுப்புவது அவரவர் சாமர்த்தியம் என்றால், அது முழுசாகக் கீழே வந்து சேர்வது வெர்னாவின் தையல்.

மடித்த பாராசூட் பிரிந்துவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்ட் போடுவது வழக்கம். ராக்கெட்டுக்குள் திணிக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் தீர்ந்தது கதை. பாராசூட் உள்ளேயிருந்து கட்டியாக வெளியே விழும், விரியாது. மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வண்ணம் பூசிய ராக்கெட் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தி நிற்கும்.

அதனால் வெர்னா ஒரு சட்டம் போட்டிருந்தாள். பாராசூட்டுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட்தான். கழற்றியதும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கையில் சிவப்பு இல்லாதவன் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. மறந்து அகப்பட்டவர்களுக்கென்று ஒரு பலகையும் வைத்திருந்தாள். ரப்பர் பேண்டை அதில் ஆணியடித்து, கீழே பேரையும் எழுதி, வருஷக் கடைசி விருந்தில் சத்தமாக வாசிப்பாள். மாட்டு வைத்தியர் டுவைட்டின் பேர் அதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. "மாட்டு வயித்துக்குள்ள கத்தரிக்கோலையும் இப்படித்தான் மறந்து வெச்சுட்டு வருவியா?" என்று அவள் கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அப்படிப்பட்டவள், ஊருக்கெல்லாம் தைத்தது போதும் என்று போன குளிர்காலத்தில் தனக்கென்று ஒரு பெரிய ராக்கெட் செய்ய உட்கார்ந்தாள். வண்டிக் கொட்டகையை ராக்கெட் பிடித்துக்கொண்டதால் கணவன் ஹார்லனின் வண்டி பனியில் நின்றது. நிமிர்த்தி வைத்தால் வீட்டுக் கூரையைத் தொடும் அந்த மஞ்சள் ராக்கெட்டுக்கு மாமியார் பேரையே வைத்தாள்: பெர்த்தா.

"எங்கம்மாவ ஆகாசத்துக்கு அனுப்பாம விடமாட்ட போலிருக்கே," என்றான் ஹார்லன்.

"எங்க போனாலும் பத்திரமா வீடு வந்து சேந்தவங்க உங்கம்மா ஒருத்திதான். அந்த ராசிக்காகத்தான்."

பெர்த்தா பத்திரமாகத் திரும்பினால் வெர்னாவுக்கு எங்கள் விளையாட்டின் மிக உயர்ந்த தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். கீறல் விழாமல் இறங்க வேண்டும், அதற்கான தேர்வாளர் டுவைட் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டியதுதான். அறுவடை முடிந்த வயலில் நாங்கள் ராக்கெட் விடக் கூடிய நாளுக்கு இரண்டாம் நாள் வயல்காரர் உழப் போகிறார். விமானத் துறை கொடுத்த அனுமதியும் அன்று சாயங்காலத்தோடு சரி.

அன்று மத்தியானம் பெர்த்தா கோதுமைத் தாளுக்கு நடுவில் கம்பத்தில் ஜம்மென்று நின்றாள். வெர்னா உச்சிக்குப் போனதும் பாராசூட்டை வெளியே தள்ளுகிற மின்கருவியை முடுக்கி, அது கூவுவதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். டுவைட் ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிட்டான்: "எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா! நம்மள எல்லாம் திட்டித் திட்டியே ஆளாக்கின மகராசி இன்னிக்கி..."

வெயிலுக்குக் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினாள் வெர்னா. மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்தது. சிவப்பைக் காணோம்.

பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தபோது டுவைட் வந்து ஏதோ முடிச்சைக் காட்டிச் சந்தேகம் கேட்டான். திரும்பிப் பதில் சொன்னாள். அப்புறம் உள்ளே திணித்தாள். நடுவில் கழற்றினாளா? கழற்றியதாகவும் ஞாபகமில்லை, கழற்றாததாகவும் ஞாபகமில்லை. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. காற்று வேறு கிளம்பிக்கொண்டிருந்தது. கழற்றித்தான் இருப்பேன், இத்தனை வருஷக் கை தவறுமா என்று மனசு நைசாகச் சொல்லிப் பார்த்தது. அதே வார்த்தையைச் சொன்னவர்களைத்தான் அவள் பலகையில் அடித்து வைத்திருந்தாள்.

நேராக டுவைட்டிடம் போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"நிறுத்துங்க. என் கையில ரப்பர் பேண்ட் இல்ல. இறக்கணும்."

வயலில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வயலில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. வெர்னாவின் முகம் பழுத்துச் சிவந்துவிட்டது. இருந்தாலும் நடை தளரவில்லை. கருவியை அணைத்து, பெர்த்தாவைச் சாய்த்து, மேஜையில் கிடத்தி, பாராசூட்டை வெளியே இழுத்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

ரப்பர் பேண்ட் இல்லை. உதறினாள், குழலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். இல்லவே இல்லை.

"அப்ப எங்கதாண்டா போச்சு?" என்று மேஜையைக் குத்தினாள்.

நிழலில் மடக்கு நாற்காலியில் இருந்த ஹார்லன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட். அதன் வாயைச் சுற்றி இறுக்கமாகச் சிவப்பு ரப்பர் பேண்ட்.

"இதையா தேடுறீங்க? மேஜைல சும்மா கெடந்துச்சு. சிப்ஸு நமுத்துப் போயிடுமேன்னு..."

"ஹார்லன் ஷ்ராக்! உன்னைய..." என்று ஆரம்பித்தாள் வெர்னா. சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மறுபடியும் மடித்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டி, கையை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினோம். டுவைட் எண்ணி முடித்ததும் பெர்த்தா பூமியை உதறிக்கொண்டு கிளம்பினாள். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. மஞ்சள் புள்ளியாகி, அதுவும் மறைந்து, வெறும் புகைக்கோடு மட்டும் நின்றது. ஹார்லன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"விரிஞ்சிருச்சு!" என்று கத்தியது ஹார்லன்தான்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பாராசூட் பூத்து, காற்றில் ஊஞ்சலாடி, கோதுமைத் தாளின் மேல் பெர்த்தாவைக் கீழே கிடத்தியது. டுவைட் மண்டியிட்டுத் தடவித் தடவிப் பார்த்தும் ஒரு கீறல் அகப்படவில்லை. "மாமியார் நல்லாவே இருக்காங்க," என்று கையெழுத்துப் போட்டான்.

வருஷக் கடைசி விருந்தில், முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் வைத்த பீராக் பன்கள் சூடாக வருவதற்கு முன்பே வெர்னா பலகையைக் கொண்டுவந்தாள். அந்த ரப்பர் பேண்டை ஆணியடித்துத் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"அதெப்படி? உள்ளதான் விடலையே!" என்றான் டுவைட்.

"கையில மாட்டாதது தப்புதான். சட்டம் எனக்கும் சேத்துதான்."

ஹார்லன் எழுந்து வந்தான். எத்தனையோ வருஷமாக, பன் தின்பதற்காக மட்டுமே இந்தக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"சிப்ஸு என்னோடதுல்ல? என் பேரையும் போடு."

"நீ ஒரு ராக்கெட்டாவது விட்டிருக்கியா?"

"உன்னோடத நிறுத்தினேன்ல?"

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன் பேருக்குப் பக்கத்தில் அவன் பேரையும் எழுதினாள். அன்று ராத்திரி ஹார்லன் பன்னைக்கூட ஆறவிட்டுவிட்டு, வந்தவர் போனவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தான்.