கைப்பையில் மறந்த கடிதம்

போர்க்காலத்தில் தமிழில் எழுதிய தாளோடு சோதனைச்சாவடிக்குப் போகக் கூடாதென்பது குழந்தைக்கும் தெரியும். நானோ கைப்பையில் கடிதத்தை மறந்துவிட்டேன். கடுகண்ணாவையில் பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கிச் சோதித்த சிப்பாய் அதை விரித்தான்.

சிங்களத்தில் சொல்லும்படி, எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினான். என்னோடு கந்தோரில் வேலை செய்பவர். என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிடுவார். கொடுக்கத் துணிவில்லாமல் நான் வைத்திருந்த அந்தக் காதல் கடிதம் அவருக்கு எழுதியதுதான். இப்போது சிப்பாயைவிட அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

கடைசி வரிவரை வாசித்தார். தாய்க்குச் சுகம் விசாரித்து எழுதியதாகச் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் போகவிட்டான்.

பஸ்ஸில் கடிதத்தை மடித்துத் தந்தார்.

“இனி இதைக் கொண்டு திரியாதேங்கோ, தங்கச்சி.”

அன்றே அடுப்பில் போட்டேன். சிப்பாய்க்குப் பயந்துதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.