அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோன பெட்டி

2009-ஆம் வருடம், மாசி மாதம் நடந்தது இது. கம்பத்தில் இருந்து சுருளிப்பட்டி போகிற வழியில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. நான் பிறந்து வளர்ந்தது தேனி டவுனில். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, மதுரையில் இரண்டு வருடம் டி.வி. சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து, கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்குள் வந்து விழுந்தவள். கணவர் கம்பத்தில் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் புது மாதிரி டீசல் கார்கள் எங்கள் பக்கம் நிறைய வரத் தொடங்கின. அவற்றில் என்ஜினை ஓட்டுவதே ஒரு கம்ப்யூட்டர். ஈ.சி.எம். என்பார்கள். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். அது மக்கர் பண்ணினால் கணவர் பெட்டியைக் கழற்றி கோயமுத்தூருக்கு அனுப்புவார். அது திரும்பி வரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் கார்க்காரர் தினமும் வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பெருமூச்சு விடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது, "இதை நானே வீட்டில் செய்தால் என்ன?" என்று கேட்டுவிட்டேன். கணவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இடம் கேட்டபோது மாமியார் மருந்து ரூமை ஒழித்துக் கொடுத்தார். திராட்சைக்கு அடிக்கிற மருந்து, மயில்துத்தம், சுண்ணாம்பு எல்லாம் போட்டு வைக்கிற அறை. அதில் ஒரு பழைய தேக்கு மேஜை கிடந்தது. எத்தனை தடவை கழுவியும் மேல்பலகையில் துத்தத்தின் நீலம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன் மேலேயே என் கடையை விரித்தேன். ஒரு லேப்டாப், பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கவும் எழுதவும் ஒரு கருவி, பன்னிரண்டு வோல்ட் கொடுக்கிற மலிவு விலை பவர் சப்ளை, பழைய பார்ட்ஸ் கடையில் பொறுக்கி வந்த ஒயர்கள். கார் இல்லாமலேயே காரில் இருப்பதாகப் பெட்டியை நம்ப வைக்க வேண்டும். அதற்காக ஒரு பலகையில் கார்ச் சாவித் துவாரத்தைப் பொருத்தி, பக்கத்தில் நாலு சின்ன பல்பும் வைத்தேன். சாவியைத் திருப்பினால் பல்பு எரியும். முதல் நாள் அது எரிந்தபோது கைக்குழந்தை சிரித்ததைப் போல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, வண்டியவே காணோம், நீ பாட்டுக்குச் சாவியத் திருப்பிக்கிட்டு இருக்க. யாரும் பாத்தா என்ன நெனப்பாக?"

சொன்னாரே தவிர, அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களை எல்லாம் கூட்டி வந்து, "எம்மருமக வண்டியில்லாமலே வண்டி ஓட்டுறா" என்று காட்டியதும் அவர்தான்.

முதல் இரண்டு பெட்டிகளும் சொன்னபடி கேட்டன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். மூன்றாவதாக வந்தார் அந்த டாக்சி டிரைவர்.

கம்பத்து ஸ்டாண்டில் சொந்தமாக ஒரு கார் வைத்து ஓட்டுபவர். கணவரை அண்ணே என்பார், என்னை மதினி. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவர் மனைவிக்குத் தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை அழைத்து வரப் போகிறோமே என்று காரை வாட்டர் வாஷுக்கு விட்டிருக்கிறார். கழுவிய பையன்கள் ஆசை ஆசையாக பானெட்டுக்கு உள்ளேயும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டார்கள். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கார் அப்படியே நின்றுவிட்டது. மனிதர் மதுரைக்கு ஓடி, பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து, அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். நனைந்த பெட்டியின் மூளையில் இருப்பதை அப்படியே இந்தப் பெட்டிக்கு மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் அவருடைய சாவியை அது ஏற்றுக்கொள்ளும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புறேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக மதினி. ஊருல எத்தனை பிள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து என் வண்டியில கூட்டியாந்து விட்டிருக்கேன். எம்பிள்ள மட்டும் அடுத்தவன் வண்டியில வரணுமா?"

"சாயங்காலம் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று நான் பெரிய மனுஷி போல வாக்குக் கொடுத்தேன்.

அன்றைய மின்வெட்டு காலையிலேயே முடிந்துவிட்டது. இனி பயமில்லை என்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். நனைந்த பெட்டியில் இருந்து எல்லாவற்றையும் படித்து லேப்டாப்பில் சேமித்தாயிற்று. மதுரைப் பெட்டியை மேஜையில் மாட்டி, எழுதத் தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. டிரைவர் வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மனைவியிடம் போனில் குழந்தை யார் ஜாடை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

சரியாக இரண்டு மணி. கிணற்றடியில் எங்கள் மோட்டார் 'உம்' என்று கிளம்பியது. என் நாலு பல்புகளும் மங்கி, மறுபடி எரிந்தன. ஒரு இரண்டு விநாடி இருக்கும். பச்சைக் கோடு அறுபத்திரண்டில் நின்றது. இணைப்பு இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. சாவியை அணைத்துப் போட்டேன், ஒயரைக் கழற்றி மாட்டினேன், லேப்டாப்பை மறுபடி தொடங்கினேன். பெட்டி வாயே திறக்கவில்லை.

தோட்டத்துக்காரர் வீட்டில் இதைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். மோட்டாருக்கான மும்முனைக் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானம் வரும். வந்த கையோடு கிளம்புவதற்காக எல்லா மோட்டாரிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வீட்டுக் கரண்ட் தொய்யத்தானே செய்யும். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். தினமும் விளக்கு மங்குவதைப் பார்க்கிறேன். டவுன்காரி புத்தி, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிட்டது. எழுதுகிற நேரத்தில் பாட்டரியில் இருந்துதான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று கருவியோடு வந்த தாளிலேயே போட்டிருந்தது. அதையும் நான் படித்திருந்தேன்.

வெளியே வந்தேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு எழுந்தார்.

"என்ன மதினி, பெட்டியில ஏதும் கோளாறா? பழைய சாமான்தான. செத்த பெட்டியத் தலையில கட்டிட்டானோ?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பழி மதுரைக்குப் போயிருக்கும். அவர் நம்பத் தயாராக நின்றார். உண்மையைச் சொல்கிறேன், என் தலை ஆடுவதற்குக் கிளம்பியே விட்டது. ஆனால் அவர் கையில் இருந்த போனில் இருந்து குழந்தையின் அழுகைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மனிதர் பதற்றத்தில் அதை அணைக்காமலே விட்டிருந்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். எப்படி என்றும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, எந்தப் பரீட்சை ரிசல்ட்டுக்கும் நான் அப்படி நின்றதில்லை.

"செத்தது செத்ததுதானா? இல்ல, எழுப்ப முடியுமா?"

"தெரியல."

"என் போனு போன வருசம் சுருளி அருவியில விழுந்துச்சு மதினி. எல்லாரும் தூக்கிப் போடுன்னாக. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தரு எழுப்பிக் குடுத்தாக. பெட்டி கெட்டதாயிருந்தா தூக்கி எறிஞ்சிருப்பேன். நல்ல பெட்டின்னு நீங்க சொல்றீக. அப்ப அங்கன கொண்டு போய்ப் பாப்பமே."

செல்போன் கடையா! டிப்ளமோ படித்த எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு கணம் கௌரவம் தடுத்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லேப்டாப், கருவி, சாவிப் பலகை, பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் நடந்ததைக் கேட்டுவிட்டு, "நம்ம மோட்டாரா கெடுத்துச்சு?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு நேரே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். இனி நிறுத்தி என்ன புண்ணியம்!

அந்தக் கடை நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். கடைக்காரர் மலையாளி, குமுளிப் பக்கத்தில் இருந்து வந்து கம்பத்தில் தங்கிவிட்டவர், நாற்பது வயதைத் தாண்டியவர். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. பெட்டியைத் திறந்து பார்த்தார். கார்ப் பெட்டியை அதுவரை அவர் கண்டதே இல்லையாம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"சாரமில்லா, பரவால்ல சிஸ்டர். எழுதும்போ கரண்ட் போய் செத்த போன் எனக்கு டெய்லி வருது. சிப்புல ஒரு காலைத் தொட்டுப் பிடிச்சிட்டு ஆன் பண்ணினா தூக்கத்தில இருந்து எழுந்திரிக்கும். இதுலயும் அந்தக் கால் இருக்கும். எந்தக் கால்னு தெரியணும், அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்."

பூதக்கண்ணாடி வழியாக அந்தச் சிப்பின் நம்பரைப் படித்துச் சொன்னார். நான் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, அந்த நம்பரைத் தேடி, படம் போட்ட தாள்களை அச்செடுத்து வந்தேன். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. எனக்கு அந்த மயிரிழைக் கால்களைத் தொடுகிற கை கிடையாது. தாளில் நான் எண்ணிச் சொல்ல, சிப்பில் அவர் எண்ணிக்கொண்டு வந்தார். தையல் ஊசி ஒன்றில் ஒயரைப் பற்றவைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். இதற்குள் நான் போனில் சொன்னபடி கணவர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து நன்றாகச் சார்ஜ் ஏறிய கார் பாட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். போன் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேலையை மறந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை அந்தக் காலில் வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. எண்ணியதில் ஒன்று தவறியிருக்கிறது. மறுபடி முதலில் இருந்து எண்ணினோம். மறுபடி ஊசி, மறுபடி சாவி.

லேப்டாப்பில் இணைப்பு கிடைத்தது என்று வந்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடையில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பச்சைக் கோடு. அறுபத்திரண்டைத் தாண்டும்போது எல்லாரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். நூறு வந்ததும் டிரைவர் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். "என்டம்மே, விடெடோ!" என்று அவர் கத்தியதில் கடையே சிரித்தது. கைம்மாறாக என்ன செய்யட்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அடுத்த பெட்டியை எழுதும்போது கூப்பிடுங்கள், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அது போதும் என்றார்.

பொழுது இறங்கும்போது ஒர்க்‌ஷாப்பில் பெட்டியைக் காரில் பொருத்தி டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். பின் சீட்டில் அவர் மனைவி, மடியில் துணிக்குள் ரோஜா நிறத்தில் ஒரு முகம். மாமியார் ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்து குழந்தைக்கும் காருக்கும் சேர்த்தே சுற்றினார். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை எல்லாருக்கும் முன்னால், தாராளமாக.

கதை இத்தோடு முடியவில்லை. அந்த டிரைவர் டாக்சி ஸ்டாண்டு முழுக்க நான் பெட்டியைக் கெடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். முளைக்கும்போதே தொழில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே போடியில் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் ஈ.சி.எம்.மைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தேடி வந்தார். என் கதையைக் கேட்டுமா வந்தீர்கள் என்றேன்.

"கேட்டுத்தான் வந்தேன். தப்பு நடந்தா வாயத் தொறந்து சொல்லிருவீகளாம்ல. அது போதும் எங்களுக்கு" என்றார்.

அதற்கப்புறம் நான் எழுதுவது எல்லாம் பாட்டரியில்தான், மும்முனைக் கரண்ட் வருகிற நேரமும் மனப்பாடம். அப்படியும் எப்போதாவது ஒரு வேலை சொதப்பத்தான் செய்கிறது. பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனால் உடனே வண்டிக்காரருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொன்னதும் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது, மீதியைத் தூக்க எங்கிருந்தாவது ஒரு கை வந்துவிடுகிறது.