வாய் திறக்காமல் சுற்றிய வீடு

சபையில் எல்லோருக்கும் முன்னால் நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன். வாசிக்கிற ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் இயேசு அப்பாவின் சமாதானம் வரட்டும்.

எங்கள் மகள் ஷாரோனுக்கு நான்கு வயது. போன வருடம் மழை தொடங்கியதிலிருந்து அவளுக்கு இழுப்பு விடவே இல்லை. கண்டி டவுனில், ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தட்டு அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை. மூடினால் சுவரெல்லாம் பூஞ்சணம். எவ்வளவு துடைத்தாலும் திரும்பப் பூத்துவிடும். பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் டாக்டரே சொல்லிவிட்டார்: "மருந்து பாதிதான் அம்மா. இந்த வீட்ட விட்டுப் போங்க. காத்தும் வெயிலும் உள்ள இடமா பாருங்க."

சொல்வது சுலபம். என் கணவர் ஜெயராஜ் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வீடு தேடக் கிளம்புவோம். குண்டசாலையில் ஒரு வீட்டுக்காரர், சின்னப் பிள்ளை இருந்தால் சுவரில் கிறுக்கும் என்றார். கெலிஓயாவில் இன்னொருவர், ஜெபம், பாட்டு, கைதட்டல் எல்லாம் உண்டா என்று கேட்டார். என் கணவருக்குப் பொய் வராது. "உண்டுங்க, கொஞ்சம் சத்தமாவே உண்டு" என்றார். அந்த வீடும் போனது. திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதுவிட்டேன். இந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் ஆண்டவருக்குக் கேட்கவில்லையா என்று மனம் கசந்தது.

பிறகு ஒரு தரகர், ஹுன்னஸ்கிரிய போகும் பாதையில் த்ரீவீலை நிறுத்தி மேலே கை காட்டினார். மலைச்சரிவில் பலாமரத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரர் அடுத்த வாரம் முடிவு சொல்வார் என்றார். எனக்கு அப்போதே அது பிடித்துவிட்டது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காரியம் அடைபட்டுக் கிடந்தால் அந்த இடத்தைச் சுற்றி நடந்து ஜெபிப்போம். எரிகோவின் மதில் விழும்வரை ஜனங்கள் வாய் திறக்காமல் சுற்றி வந்தார்களே, அதைப் போல. அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். மூன்று சுற்று, கடைசிச் சுற்று முடியும்வரை யாரும் பேசக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம்.

அன்றைக்குப் பனிமூட்டம். மரத்தைப் பார்த்தோம், ஓட்டுக் கூரையைப் பார்த்தோம், நடக்கத் தொடங்கிவிட்டோம். இரண்டாவது சுற்றில் பின்பக்கக் கொடியில் துணி தொங்குவதைக் கண்டேன். பூட்டிய வீட்டில் துணி துவைத்தது யார்? கேட்கலாம் என்றால் சட்டம் தடுத்தது. இவர் கையைக் கிள்ளினேன். ஆவியில் ஏதோ உணர்ந்து கிள்ளுகிறேன் என்று நினைத்து, இவர் இன்னும் பக்தியாக நடந்தார்.

திடீரென்று முன்கதவு திறந்தது. முக்காடிட்ட ஒரு பெண் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றார்.

"யாரு நீங்க? என்னத்துக்கு ஊட்டச் சுத்துறீங்க? சூனியம் வெக்க வந்தீங்களா?"

இன்னும் ஒரு சுற்று மீதி இருந்தது. இந்த மனிதர், கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு நடந்தார்! அந்த அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயில்லயா ஒங்களுக்கு?" என்று விளக்குமாற்றை ஓங்கினார். ஷாரோன்தான் முன்னால் போய், "ஆன்டி, ஏசாதீங்க. இது ஜீசஸ் எங்களுக்குத் தர்ற வீடு" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, மேடு ஏறிய களைப்பில் அவளுக்கு இழுக்கத் தொடங்கியது.

சட்டம் போனால் போகட்டும் என்று, "பிள்ளைக்கு இழுப்புங்க, தண்ணி தாங்க" என்று கத்தினேன். அந்த அம்மா விளக்குமாற்றை எறிந்துவிட்டு, "மொதல்ல புள்ளய உள்ளுக்குக் கொண்டு வாங்க" என்றார்.

கதிரையில் உட்காரவைத்து, மூச்சுக்கான பம்பை வாயில் அடித்து, சுடுதண்ணீர் கொடுத்தோம். மூச்சு சீரானதும் நடந்ததைச் சொன்னோம். அவர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நீங்க தேடுற ஊடு அடுத்த பாதயில ஈக்கி. அத நேத்தே வேற ஆக்களுக்குக் குடுத்திட்டாங்களே!"

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன். அவர் ஷாரோனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு ஒரு சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் கூட்டிப் போனார். அவருடைய வீட்டோடு ஒட்டிய சின்ன வீடு. தம்பி வெளிநாடு போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறதாம்.

"யாரயும் நம்பிக் குடுக்கல்ல. என்ட புருசன் கடைக்குப் போனா பகல் முழுக்க நான் தனிய. பக்கத்துல நல்ல மனுசர் வரணும்னு நானும் துஆ கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறன்."

உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன். காய்ந்திருந்தது. நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன், எங்கேயும் ஈரம் இல்லை. ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து இவர், "நாங்க சத்தமா பாடுவோம்ங்க" என்றார். எனக்கு உயிரே போனது.

"பாடுங்களே. பள்ளியில பாங்கு சொல்ற நேரம் மட்டும் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

இப்போது அவர் எங்களுக்குப் பரீதா ராத்தா, எங்கள் அக்கா. டவுன் தூரமாகிவிட்டதால் இவர் விடியற்காலை பஸ்ஸுக்கு முணுமுணுத்துக்கொண்டே ஓடுகிறார். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பாங்கு கேட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த அமைதியில் ராத்தாவின் குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம். ஷாரோனின் பம்ப் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. டாக்டர் வைத்திருக்கச் சொன்னார். ஆனால் இந்த மழைக்கு ஒரு நாளும் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. அவள் ராத்தாவின் கோழிகளைத் துரத்திக்கொண்டு மேட்டில் ஏறுகிறாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுகிறாள்.

ஒரு நாள் ராத்தா அதைப் பார்த்துக்கொண்டு, "என்ட துஆ கபூலாகிட்டு" என்றார். "என் ஜெபமும் கேட்கப்பட்டதுங்க ராத்தா" என்றேன்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது வீட்டுக்காகவோ பிள்ளைக்காகவோ அழுதுகொண்டிருந்தால், விடாமல் கேளுங்கள். கேட்ட கதவு திறக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். இது உன் வாசல் இல்லை என்று யாராவது விளக்குமாற்றோடு வந்தாலும் உடனே திரும்பி ஓடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்காக ஏற்கனவே ஜெபித்துக்கொண்டிருப்பவர் அவராகவும் இருக்கலாம்.