றாபியாவின் வாசல்

மழை தூறத் தொடங்கியதும் றாபியா குடையை விரித்துக்கொண்டு வாசலில் இறங்கிவிடுகிறார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். முக்காட்டின் ஓரம் நனைவதையோ, வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதையோ அவர் பொருட்படுத்துவதில்லை.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போகும் வீதியில், சரிவில் இறங்கும் அவர்களது வீட்டு வளவு. கணவர் இப்திகார் முற்றத்தில் பதிக்கும் இன்டர்லொக் கல் வார்த்து விற்பவர். வாங்க வருகிறவர்களை முதலில் தன் வீட்டு வாசலுக்குத்தான் கூட்டி வருவார். கேட்டிலிருந்து பின்சுவர் வரை ஒரு கையளவு மண்கூடத் தெரியாத கல்தரை. வருடக்கணக்காக அதைக் கழுவிப் பாசி பிடிக்காமல் வைத்திருந்தவர் றாபியா.

போன வருட அடைமழையில் அந்தத் தரையில் விழுந்த தண்ணீர் முழுவதும் கீழ்வீட்டு ஹிதாயாவின் குசினிக்குள் புகுந்தது. அரிசி மூட்டை ஊறிப்போயிற்று. ஹிதாயா சண்டைக்கு வரவில்லை. விளக்குமாற்றோடு நின்று அழுதார். சுவரை உயர்த்திவிடலாம் என்றார் இப்திகார். றாபியா ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ட வாசல்ல பேஞ்ச தண்ணி அடுத்தவங்கட அடுப்ப அணைக்குது. சுவர் கட்டினா அது இன்னொருத்தர்ட வீட்டுக்குத்தானே போவும்?"

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கவும் சொல்லித்தரும் வீட்டுத்தோட்ட வகுப்பு நடந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய றாபியா போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். முதல் பாடத்தையே பிழையாகச் செய்தார். ஒரு பகுதிக் கல்லைப் பெயர்த்து, தண்ணீர் ஓடச் சரிவோடு நேராகக் கான் வெட்டினார். அடுத்த மழையில் சேறு மொத்தமும் ஹிதாயாவின் கிணற்றடிக்கு இறங்கியது. குடும்பமே சிரித்தது. மைத்துனர்மார் வந்து, பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று இப்திகாரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். றாபியா அந்தச் சேற்றை வாளி வாளியாக அள்ளி மேலே சுமந்தார். மறு வகுப்பில் தன் பிழையைத் தானே எழுந்து சொல்லி, எங்கே தவறினேன் என்று கேட்டார்.

இப்போது கான்கள் சரிவுக்குக் குறுக்கே மட்டமாக ஓடுகின்றன. தண்ணீர் அவற்றில் நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. கரை நெடுக வெட்டிவேர். வெறும் மண் தெரியும் இடமெல்லாம் காய்ந்த பலா இலை. குப்பையைக் கூட்டக் கூடாதா என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். "அது மண்ணுட உடுப்பு. கழட்டச் சொல்லாதீங்க."

இந்த வருட மழையில் ஹிதாயாவின் குசினி நனையவில்லை. இப்திகாருக்குத்தான் மனக்குறை. தன் வியாபாரத்திலேயே மண்ணை அள்ளிப் போடுகிறாள் என்று கடையில் சொல்லித் திரிகிறார். ஆனால் மனைவியின் கையிலிருந்து கல் பெயர்க்கும் அலவாங்கைப் பிடுங்க அவருக்குத் துணிவில்லை.

அந்த வாசலைப் பார்க்க நான் போயிருந்த அன்று கேட்டடியில் பெயர்க்காத கல்தரை ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தது. அதில் சிவப்புக் கல்லால் தன் கடையின் பெயரைப் பதித்திருந்தார் இப்திகார். வாடிக்கையாளர் ஒருவரை வீதியில் நிறுத்திவிட்டு முன்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இந்தப் பேர மட்டும் உட்டுடு, றாபியா."

"வீதித் தண்ணி இந்தக் கல்லு மேலாலதானே உள்ளுக்கு ஓடி வருது," என்றார் றாபியா.

குந்தியிருந்து, முதல் எழுத்தின் அடியில் அலவாங்கைச் செருகி நெம்பினார். கழன்ற சிவப்புக் கல்லின் மண்ணை முக்காட்டு நுனியால் துடைத்து, கணவரின் கையில் வைத்துவிட்டு, அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்.