கூட்டலில் சேராத முதல் வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். சஷ்டிதோறும் விளக்கேற்றிக் கும்பிட நின்றால், முருகன் முகத்துக்கு முன்னால் அந்த அக்காவின் முகம் வந்து நிற்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சோறு போடுவோம். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று எக்செல்லில் போடுவது என் பொறுப்பு. பத்தாவதோடு நின்றவன் நான். மகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகியது.

முதல் தடவை நடந்து வருகிறவர்களுக்குத்தான் எங்களிடம் முதல் பந்தி. பட்டியலிலும் அவர்கள்தான் மேலே. அந்த வருடம் கிளாவரையிலிருந்து பெரிய குழு ஒன்று புதிதாக வந்தது. முதல் வரிக்கு மேலே ஒரு வரியைச் செருகி அவர்களை எழுதினேன். மொத்தம் தானாக மாறிவிடும் என்று நம்பி, அதன்படி அரிசியை அளந்து கொடுத்தேன். மொத்தம் இருந்த கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் தெரிந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை. கால் கொப்பளித்தவர்கள் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூட்டையில ஓட்டையா, இல்ல மனசுல ஓட்டையா?" என்று எங்கள் தலைவர் சமையல்கார அக்காவைக் கேட்டார்.

"அளந்து குடுத்ததத்தான் ஒலையில போட்டேங்க. வேணும்னா எங்க வீட்டுப் பானையத் தொறந்து பாருங்க."

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது தாயி."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க."

குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தேன். கூட்டல் பார்முலா இரண்டாவது வரியிலிருந்துதான் தொடங்கியது. மேலே செருகிய கிளாவரைக்காரர்கள் அதில் சேரவே இல்லை. திருத்தினேன். பச்சை முக்கோணம் போய்விட்டது. மலையேறிச் சாமியிடம் மட்டும் சொல்லிவிட்டு, அது போதும் என்று இருந்தேன்.

போதவில்லை. அரிசி குறைந்தது என்ற பேச்சு, எடுத்துக்கொண்டாள் என்று ஆனது. பாச்சலூர் கல்யாண வீட்டை எட்டும்போது விற்றுவிட்டாள் என்று வளர்ந்திருந்தது. அவருக்குப் பேசியிருந்த சமையலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் பிரித்த அவர் கை நிற்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, கம்ப்யூட்டர் தப்பு என்று மாற்றிவிடாதீர்கள். பார்க்காமல் அளந்தது நான். பார்த்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தது நான். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.