ரிப்பன் கட்டிய சுரைக்காய்

கொடியில் முதலில் நன்றாகத் திரண்டு வரும் காய் குழந்தைக்கா, விதைக்கா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே ஒருமுறை முடிவெடுத்தேன். அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பெருமைப்படலாமா என்ற யோசனையும் கூடவே வருகிறது.

இரும்புலியூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். மொட்டை மாடியில் தொட்டி வைத்துக்கொள்ளக் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அக்கா அனுமதித்திருந்தார். அவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம், ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள். செடி பற்றி எதையாவது கேட்டால் அக்கா சிரிப்பார். "என்னை இன்னாத்துக்குமா கேக்குற? நெலத்த விக்கும்போது நான் ஸ்கூலுக்குப் போய்கினு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது வாடகை வாங்குறது மட்டும்தான்."

விதை என் கல்லூரித் தோழி கொடுத்தது. மறைமலை நகரில் வேலை பார்க்கிறாள். ஒரு விதைத் திருவிழாவில் வாங்கிய குடுவைச் சுரை அது. அடி பருத்து, கழுத்து சிறுத்து, சொம்பைப் போல இருக்கும். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "விளைஞ்சதும் பாதி விதையை எனக்குத் திருப்பிக் கொடுத்துடணும்டி" என்றாள். விதை வாங்குகிறவர்களும் கொடுக்கிறவர்களும் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரே விதி அதுதான்.

தை மாதம் ஊன்றினேன். பந்தலில் கொடி ஏறி, மொட்டு விடத் தொடங்கிய நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் குடியிருப்பில் பெயின்ட் அடிக்க வந்தவர்கள், சாரம் கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அவள் கொடியை அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார்கள். "கையில இருந்த எல்லா விதையையும் போட்டிருந்தேன். இனிமே உன் கொடிதான்டி" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் எதற்கும் கவலைப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். என்னை நம்பி ஒரு விதையை விட்டிருக்கிறாளே என்று இருந்தது.

பிரச்சினை அடுத்த மாடியில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஓய்வுபெற்ற சார் ஒருவர் கடையில் வாங்கிய பாக்கெட் விதையில் நீளச் சுரை வளர்க்கிறார். பூச்சிகளுக்கு எங்கள் மாடி, அவர் மாடி என்றெல்லாம் கிடையாது. அந்த மகரந்தம் என் பூவில் பட்டால் இந்த வருடக் காய் குடுவையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் விதையிலிருந்து அடுத்த வருடம் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாமே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும் என்று தோழி போனில் சொல்லிக்கொடுத்தாள். சுரைப்பூ சாயங்காலம் விரியும். விரிவதற்கு முன்பே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவி, மறுபடி கட்ட வேண்டும்.

அப்போது என் மகள் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். டார்ச் பிடிக்க வந்தாள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுதான் அம்மா பூ. பாப்பாவ வச்சிருக்கு" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை.

பிஞ்சு உதிராமல் நின்றது. நாளுக்கு நாள் திரண்டது. எந்தக் காய் விதைக்காய் என்று மறந்துவிடக் கூடாதென்று காம்பில் மகளின் பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன்.

மறுநாள் துணி உலர்த்த வந்த அக்கா அதைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"இன்னாமா இது, வேண்டிக்கினியா? ரெண்டாவதுக்கா?"

கோயில் மரத்தில் பிள்ளை வரத்துக்குத் துணி கட்டுவார்களே, அதுபோல நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து காய்க்குப் பொட்டு வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவியது. மாடிக்கு விளையாட வரும் பிள்ளைகளிடம் அவரவர் அம்மாக்கள், "அந்தக் காய் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்றார்கள். இதைவிட நல்ல வேலி எனக்கு யார் போட்டுத் தந்திருப்பார்கள்? நான் வாயை மூடிக்கொண்டேன். என் கணவர் மட்டும், "சுரைக்காய்க்குச் சீமந்தம் எப்போ?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் விதைக்கு ஒரு காயை முற்ற விட்டால் கொடி மற்ற பிஞ்சுகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஒரு தொட்டி மண், சித்திரை வெயில். அடுத்தடுத்து வந்த பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. என் மகள் காய்கறியே தொடமாட்டாள். எடை போதவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: நம் வீட்டுக் காய் காய்த்தால் சாப்பிடுவேன் என்று. காய்த்தது ஒன்றே ஒன்று.

"அம்மா, எனக்கு ரிப்பன் காய் வேணும். கூட்டு பண்ணித் தா."

தானாக வந்து ஒரு காயைக் கேட்கிறாள்! கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காய் இன்னும் இளசுதான், நகம் இறங்கியது. இதை அறுத்துவிட்டால் தோழிக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு விதைகூட மிஞ்சாது. பிறகு கத்தியை முந்தானையில் மறைத்துக்கொண்டு இறங்கி வந்து, கடையில் சுரைக்காய் வாங்கிக் கூட்டு செய்தேன். அவள் ஒரு வாய் வாங்கினாள். "இது நம்மளோடது இல்ல" என்று தட்டைத் தள்ளினாள். திட்டவும் முடியவில்லை. அவள் சொன்னது உண்மை.

ஆடி, ஆவணிக்குள் காய் வைக்கோல் நிறமாகி ஓடு கெட்டிப்பட்டது. மகள் காதருகே வைத்து ஆட்டினாள். கலகலவென்று சத்தம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. கணவர் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். விதையைச் சாம்பலில் புரட்டி வைக்கச் சொன்னாள் தோழி. கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? பூஜை அலமாரியிலிருந்த சாணத் திருநீற்றில் புரட்டினேன். எட்டிப் பார்த்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தோழிக்கு அவள் பங்கைக் கொடுத்தேன். ஸ்டேஷனில் நின்றபடியே ஒவ்வொரு விதையாகத் திருப்பிப் பார்த்தாள். "காப்பாத்திட்டடி" என்றாள். பரீட்சையில் மார்க் வாங்கியபோதுகூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்குடன் ஆளுக்கொரு விதைப் பொட்டலம் வைத்துக் கொடுத்தேன். பொட்டலத்தை எடுத்து நீட்டியது என் மகள். "தைல போடுங்க ஆன்ட்டி. காய் வந்ததும் நறுக்கி நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா சமைக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நான் சொல்வதையெல்லாம் இவ்வளவு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்!

அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "அப்போ வேண்டுதல் இல்லியா? புள்ளைக்கு இல்லியா?"

"விதைக்குத்தான் அக்கா அடையாளம் வச்சேன்."

"அடிப்பாவி! அந்தக் காய்க்கு எத்தினி நாள் கற்பூரம் காட்டிகினு இருந்தேன் தெரியுமா?" என்று என் தோளில் அடித்தார். அடித்துவிட்டுச் சிரித்தார். போகும்போது இன்னொரு பொட்டலமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் அவர் வீட்டு ஜன்னல் சன்ஷேடில் குடுவைச் சுரை படர்ந்திருக்கிறது. தோழி வீட்டிலும் இருக்கிறது. காய் குடுவையாகவே வந்திருக்கிறது, கழுத்து கொஞ்சமும் நீளவில்லை. இனி அந்த விதை என் ஒருத்தியை நம்பி இல்லை. எங்கள் கொடியில் முதல் காய் திரண்டதும், இது மகளுக்குத்தான் என்று நிம்மதியாக முடிவு செய்திருந்தேன். மாடிக்குப் போய்ப் பார்த்தால் காம்பில் சிவப்பு ரிப்பன்.

"நான்தான் கட்டினேன். இது விதைக்கும்மா. நான் அடுத்ததச் சாப்பிடுறேன்" என்றாள். அவள் இப்போது ஒன்றாம் வகுப்பு.

பெருமைதான். ஆனால் அன்று ராத்திரி வழக்கம்போல யோசனையும் வந்தது. வேண்டியதைக் கேட்காமலிருக்கக் குழந்தையைப் பழக்கிவிட்டேனோ? அடுத்த காய் வராமல் போனால்?

விதைக்கு முதல் காய்தான் நல்லது என்கிறார்கள் சிலர். நடுவில் வரும் காய் என்கிறார்கள் வேறு சிலர். வீட்டில் குழந்தையும் வைத்துக்கொண்டு விதையும் சேர்க்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள். நீங்கள் எந்தக் காயை விதைக்கு விடுகிறீர்கள்? ரிப்பனை அவிழ்த்து இந்தக் காயை அவளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா, அவள் கட்டியதை அப்படியே விட்டுவிடவா? காய் முற்றுவதற்குள் எழுதுங்கள்.