பப்புக்கு எதிர் பில்டிங்

துபாயில் வீட்டு நம்பரை யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். பர் துபாயில், பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கும் பெட் ஸ்பேஸ் எடுத்து நான் தங்கியிருந்த சந்தின் முனையில் ஒரு பழைய ஹோட்டல். அதன் கீழ்த்தளத்தில், கறுத்த மரக்கதவும் பித்தளைக் கைப்பிடியுமாக ஒரு பப். டாக்ஸிக்காரருக்கும் தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் நான் சொன்ன முகவரி ஒன்றுதான்: பப்புக்கு எதிர் பில்டிங், மூன்றாவது மாடி. அந்தக் கதவைத் திறந்து ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

கல்யாண லீவு முடிந்து திரும்பிய வாரத்தில், "நீங்க இருக்குற எடத்தை மேப்புல பாக்கணும், அனுப்புங்க" என்றாள் மனைவி. அனுப்பினேன். எங்கள் பில்டிங்குக்கு அதில் பெயர்கூட இல்லை. பப்புக்குத்தான் படங்கள் இருந்தன. படங்களுக்குக் கீழே, வந்துபோனவர்கள் எழுதிய அபிப்பிராயங்கள் நீளமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் படிக்க ஆரம்பித்தாள். புருஷன் இருக்கிற தெருவைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை.

"ஏங்க, வாசல்ல ரெண்டு காகிதப்பூத் தொட்டி இருக்காமே. ஒண்ணு வாடிப்போச்சுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒன்று வாடித்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அதைத் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன், கண்ணில் பட்டதேயில்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்வதற்காகவே தெருவைப் பார்க்கத் தொடங்கினேன்.

சாயங்காலங்களில் அவள் படித்து, அர்த்தம் சொல்ல, என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். மீன் வறுவல் மொறுமொறுவென்று இருக்கிறது என்று ஒருவர். சிகரெட் நாற்றம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போவதில்லை என்று இன்னொருவர். உட்காருவதற்குள் நாம் வழக்கமாகக் குடிப்பது மேசைக்கு வந்துவிடும் என்று ஒருவர். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அடுத்தவர். எங்கள் ஊர் முனைக்கடை மாதிரியே இருக்கிறது, எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது என்று ஒரு வெள்ளைக்காரர். தயவுசெய்து போகாதீர்கள் என்று, அவருக்கு நேர் கீழேயே, ஒரே வரியில் வேறொருவர்.

அம்மாவுக்கு இது பெரிய குழப்பம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எழுத்து என்று எங்கள் வீட்டுக்குள் வந்ததெல்லாம் ரேஷன் கார்டு, கரண்ட் பில், என் மார்க் ஷீட். எழுதியிருந்தால் அது முடிந்த விஷயம்.

"எழுதியிருக்குன்னா நெசமாத்தானய்யா இருக்கும்? ஒரே கடைக்கு எப்புடி ரெண்டு எழுத்து?" என்று என்னிடம் கேட்டாள்.

"அவுகவுகளுக்குத் தோணுனதை எழுதுறாகம்மா."

"தோணுனதை எல்லாமா எழுதுவாக?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், எங்கள் பில்டிங் முதல் மாடியில் ஒரு வீடு காலியாகும் வரை. அந்த வருஷம்தான் சம்பளம் கூடி, மனைவியைக் கூட்டிவரும் விசாவுக்கு எனக்குத் தகுதி வந்திருந்தது. வேறு எங்கே விசாரித்தாலும் வாடகை என் கைக்கு எட்டவில்லை. இது மட்டும் எட்டியது, பப் பக்கம் ஜன்னல் என்பதால் குடும்பஸ்தர்கள் யாரும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். "வியாழக்கிழமைக்குள்ள சொல்லு பாய், இல்லேன்னா பேச்சுலர் பசங்களுக்குக் குடுத்துருவேன், கலாஸ், அவ்ளோதான்" என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார்.

மனைவியிடம் சொன்னேன்.

"ஜன்னல்ல நின்னா அந்தப் பூத்தொட்டி தெரியுமா?"

"தெரியும்."

"அப்பச் சரி" என்றாள்.

அம்மா சரி என்று சொல்லவில்லை. "குடிக்கிற கடைக்கு எதுத்தாப்புல வீடா? பாதிப் பேரு நல்லாருக்குங்கிறான், பாதிப் பேரு நாத்தங்கிறான். எதை நம்பி இந்தப் புள்ளைய அனுப்புறது? அவுக அப்பன் வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்." பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "நீ உள்ள போயி உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

"நானா? உள்ளயா?"

"குடிக்கவா சொன்னேன்? பாக்கத்தானே சொன்னேன்."

ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்து, குடிக்கிற இடத்துப் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கியவள் இவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். வெளி வெளிச்சத்திலிருந்து போனதில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாற்றம்தான் முந்திக்கொண்டு வந்தது: பழைய சிகரெட், பழைய கம்பளம், எலுமிச்சை வாசத் திரவம். லைம் சோடா கேட்டேன். கொண்டுவந்தவர் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, "தமிழா சேர்?" என்றார். இலங்கையில் ஹட்டன் பக்கத்து ஆள். வந்த காரியத்தை மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நாத்தம்னு எழுதினவரை நீங்க கேக்கலாமே சேர். அந்தா இருக்காரு. தினமும் வருவாரு."

ஓரத்து மேசையில் அறுபதை நெருங்கிய ஒருவர், முன்னால் பாதி கிளாஸ், ஒரு கிண்ணம் அவித்த கடலை. மெட்ராஸ்காரர், நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்தவர்.

"அஞ்சுக்கு ஒரு ஸ்டார் குடுத்துட்டு ஏன் சார் தினமும் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஜன்னலண்டை பாருங்க தம்பி" என்றார். அங்கே பெரிய டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "அங்க ரெண்டு பேர் உக்கார்ற மேசை இருந்தது. நானும் என் ஒய்ஃபும் வாராவாரம் வருவோம். எனக்கு பீர், அவளுக்கு ஆரஞ்சு ஜூஸ். எடுத்துட்டு டிவி வெச்சுட்டான். அதுக்குத்தான் ஒரு ஸ்டார். திரும்பிப் போடறவரைக்கும் மாத்த மாட்டேன்."

"அப்ப நாத்தம்னு எழுதினது?"

"அது சும்மா சேத்து எழுதினது."

"நாத்தம் இருக்கே சார்."

"இருக்கு. அப்பவும் இருந்தது."

அவருடைய அம்மா படுத்த படுக்கையானதும், பார்த்துக்கொள்ள மனைவி ஊருக்குப் போயிருக்கிறார். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று போனவர்தான். அதற்கு முன் அவர்கள் குடியிருந்தது இதே சந்தில், இரண்டு பில்டிங் தள்ளி. நான் அம்மாவின் பயத்தைச் சொன்னேன். அவர் கடலைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"நான் சொன்னா ஆம்பள சொல்றான்னு ஆயிடும். உங்க அம்மா நம்பரக் குடுங்க. அவளையே பேசச் சொல்றேன்."

அந்தப் பேச்சில் நான் இல்லை. அடுத்த நாள் என் மனைவி சொல்லித்தான் தெரியும். அம்மா பப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தனியாகக் காய்கறிக் கடைக்குப் போக முடியுமா, உடம்புக்கு முடியாவிட்டால் யார் இருப்பார்கள், புருஷன் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டாளாம். "பகல் நீளந்தாம்மா. ஜன்னல்கிட்ட உக்காந்து அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருப்பேன். யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு. ஒரு நாளும் ஒருத்தரும் தப்பா ஒரு வார்த்த பேசினதில்ல" என்றாராம் மெட்ராஸ்காரரின் மனைவி.

சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "நீ பாத்ததை மொதல்ல சொல்லு."

"நாத்தம் இருக்கும்மா. வெள்ளிக்கிழமை பாட்டுச் சத்தம் நம்ம ஜன்னல் வரைக்கும் வரும். ஆளுக மோசமில்ல. பாதிப் பேரு தனியா வந்து தனியா எந்திரிச்சுப் போறாக."

"அப்ப ரெண்டு எழுத்துமே நெசந்தான்."

"ஆமாம்மா."

"அந்தம்மா திரும்ப வரணும்னு அழுகுதுய்யா. ஆகாத எடத்துக்கு யாராச்சும் அழுவாகளா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீட்டை எடு" என்றாள்.

வியாழக்கிழமைக்கு முன்பே சாவியை வாங்கிவிட்டேன். ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, திரைச்சீலை இல்லாத ஜன்னல். விசா பேப்பர்கள் ஒவ்வொரு கவுண்டராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு சான்றிதழில் முத்திரை போதவில்லை என்று ஊருக்கே திரும்பிப் போயிருக்கிறது. வேலை முடிந்து வந்தால் மெத்தையை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் போனில் பப் கதவைக் காட்டுகிறேன். பிறகு இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்போம்.

போன வாரம் நான் சந்துக்குள் திரும்பும்போது ஹட்டன்காரர் வாசலில் நின்று, வாடின தொட்டிக்கு ஒரு ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காட்டினார். மேப்பில் பப்புக்கான பக்கத்தில், ஆங்கில அபிப்பிராயங்களுக்கு நடுவே தமிழில் இரண்டு வரி. நான்கு நட்சத்திரம்.

"பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவும். மீதி ஒரு நட்சத்திரம் நேரில் வந்து பார்த்துவிட்டுத் தருகிறேன்."

"யாரு சேர் இது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரம்மா."

"எப்ப வந்தாங்க? நான் பாக்கலையே."

"இன்னும் வரல" என்றேன்.

அவர் குனிந்து, ஜக்கில் மிச்சமிருந்ததையும் அந்தத் தொட்டியிலேயே ஊற்றினார்.